தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் ரத்தம் கொடுக்கலாமா?

"எனக்குத் தைராய்டு இருக்குங்க, நான் குடுக்கலாமா?"

ரத்ததான முகாமில் படிவம் நிரப்பும் மேசையில் உட்கார்ந்தால், மதியத்துக்குள் இந்தக் கேள்வி பல தடவை வந்துவிடும். தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது. கேட்கிறவர் கழுத்திலும் இருக்கிறது, படிவம் எழுதும் என் கழுத்திலும் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது என்பதில்தான் விஷயம். "கடைசியா டி.எஸ்.எச். எவ்வளவு வந்துச்சு?" என்று, தைராய்டு ரத்தப் பரிசோதனையில் வரும் எண்ணைத் திருப்பிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பார்கள். எண் தெரியாது, மாத்திரையின் பெயரும் பாதிதான் ஞாபகம் இருக்கும். "ஏதோ சின்ன வெள்ளை மாத்திரைங்க."

நான் டாக்டர் இல்லை. 11 வருடமாகத் தைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள், முகாம்களில் கூடமாட வேலை செய்கிறவள். ரத்தம் கொடுக்கப் போய் இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாவது தடவைதான் கொடுத்தேன். அந்த இரண்டு தடவையும் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால் நீங்கள் ஒரே தடவையில் முடித்துவிடலாம். அதனால் முகாமுக்குப் போகும் வழியைச் சொல்வதற்கு முன்னால் வீட்டுச் சமையலறையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்களுக்குக் குறைவா, கூடுதலா?

தைராய்டு சுரப்பி ஹார்மோனைக் குறைவாகச் சுரந்தால் ஹைப்போ, அதிகமாகச் சுரந்தால் ஹைப்பர். பேச்சில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்பதால் வீட்டில் மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ரத்த வங்கியில் இந்த ஒரு சொல்லை வைத்துத்தான் பதிலே மாறும்.

ரிப்போர்ட்டில் இன்னொரு குழப்பமும் உண்டு. டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து "வேலையைப் பாரு" என்று போடும் சத்தம் அது. தைராய்டு சோம்பிக் கிடந்தால் சத்தம் கூடும். ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் பெரும்பாலும் ஹைப்போ, அடிமட்டத்துக்கு இறங்கினால் ஹைப்பர். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை சாதாரண அளவு என்று எடுத்துக்கொள்வார்கள். லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், கர்ப்பிணிகளுக்கு வேறு கணக்கு. எண் 7 என்று வந்ததும் "கூட இருக்கு, அப்போ ஹைப்பர்தான்" என்று முடிவு கட்டி, பக்கத்து வீட்டு அக்கா சாப்பிடும் மாத்திரையை விசாரிக்கப் போகாதீர்கள்.

ஹைப்போவில் அசதி, மலச்சிக்கல், எடை ஏறுவது, முடி கொட்டுவது, தோல் வறண்டுபோவது, மற்றவர்கள் ஃபேனைக் கூட்டச் சொல்லும்போது நமக்கு மட்டும் குளிர்வது எல்லாம் வரும். பெண்களுக்கு மாதவிலக்கில் அதிகமாகப் போகலாம். இதை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் வருகிறேன். ஹைப்பரில் நேர் எதிர்: படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது.

ஹைப்பருக்குக் கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால் சளிதானே என்று விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் போய் வெள்ளணுக்களைச் சோதிக்க வேண்டும். அந்த மருந்து அரிதாகச் சிலருக்கு வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். இனி இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் ஹைப்போ பற்றித்தான். நம் ஊரில் அதிகம் பார்ப்பது அதுதான், எனக்குத் தெரிந்ததும் அதுதான்.

காலை மாத்திரையும் காபியும்

ஹைப்போவுக்குக் கொடுக்கும் தைராக்சின் மாத்திரையைத் தைரோநார்ம், எல்ட்ராக்சின் என்று கடையில் கேட்டிருப்பீர்கள். அளவு மைக்ரோகிராமில் இருக்கும்: 25, 50, 75, 100. மில்லிகிராம் கூட இல்லை, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தனை நுணுக்கமான அளவு என்பதால்தான் எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில். அதற்கப்புறம் அரை மணி நேரமாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபி, டீ, பால், இட்லி எதுவும் கிடையாது. காபி மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஆனால் ஐந்தரைக்கு டிகாஷன் வாசம் கிளம்பும் வீட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருவது எவ்வளவு பெரிய தவம் என்பதும் எனக்குத் தெரியும். நான் செய்தது இதுதான்: மாத்திரை டப்பாவையும் ஒரு செம்புத் தண்ணீரையும் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அலாரம் அடித்ததும் கண்ணைத் திறக்காமலே மாத்திரை. பல் தேய்த்து, வாசல் தெளித்து, பால் காய்ச்சி, மகனை எழுப்புவதற்குள் முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும்.

அதுவும் முடியாதவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இரவுக்கு மாற்றிக்கொள்ளலாம். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தோசை சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிற குடும்பத்துக்கு இது ஒத்துவராது.

டப்பாவைச் சமையலறை அலமாரியிலோ குளியலறையிலோ வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. ஒரு நாள் மறந்துவிட்டால் பயப்படவும் வேண்டாம். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் எடுக்கும். ஆனால் அந்த ஒரு நாள், மாதத்துக்கு எட்டு நாளாகிவிட்டால் ரிப்போர்ட் காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனி பெயரையும் அடிக்கடி மாற்றாமல், ஒன்றையே பிடித்துக்கொள்வது நல்லது.

கர்ப்பம் என்று தெரிந்தால் மாத்திரையை நிறுத்தவே கூடாது. "கர்ப்பத்துல மாத்திரை எதுக்கு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அளவைக் கூட்டத்தான் வேண்டியிருக்கும், ஆகவே உடனே டாக்டரைப் பாருங்கள்.

சாப்பாட்டில் பயப்பட அதிகம் இல்லை. முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. எனக்குக் கோபம் வருவது உப்பு விஷயத்தில்தான். அயோடின் குறைவால் வரும் கழுத்துக் கழலையைத் தடுக்க 1962-லேயே தேசியத் திட்டம் கொண்டு வந்து, அயோடின் உப்பை ஊரெல்லாம் கொண்டு சேர்த்தார்கள். இப்போது பாரம்பரியம் என்ற பெயரில் அயோடின் சேர்க்காத கல் உப்புக்கும் இந்துப்புக்கும் பாதி வீடு மாறிவிட்டது. கல் உப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள், அதுவும் கிடைக்கிறது. அதற்காக அயோடின் சொட்டு மருந்தை வாங்கிக் குடிக்கவும் கூடாது. நம்மில் பலருக்கு ஹைப்போ வருவது அயோடின் குறைவால் இல்லை. ஹாஷிமோட்டோ என்ற, உடம்பின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்கும் நோயால். அதற்கு அயோடின் அள்ளிக் கொடுத்தால் கெடுதல்தான்.

நீலத் தண்ணீரில் மிதந்த சொட்டு

என் முதல் முகாமில், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்து, பளிச்சென்று நீலமாக இருந்த காப்பர் சல்ஃபேட் கரைசலில் விட்டார்கள். போதுமான ஹீமோகுளோபின் இருந்தால் சொட்டு கனமாக இருக்கும், நேராக அடிக்குப் போய்விடும். என் சொட்டு கொஞ்சம் இறங்கி, யோசித்து, மேலே வந்து மிதந்தது. எனக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பையனின் சொட்டு கல் மாதிரி இறங்கியது. "நல்லா சாப்பிட்டுட்டு அடுத்த தடவை வாங்கக்கா" என்று அனுப்பிவிட்டார்கள். லேபில் பார்த்தால் 10.6. ரத்தம் கொடுக்க ஆணானாலும் பெண்ணானாலும் 12.5 வேண்டும்.

இது தனிக் கதை இல்லை, தைராய்டின் கதைதான். மருந்து சரியாக அமையும்வரை மாதாமாதம் அதிகமாகப் போய்க்கொண்டிருந்த ரத்தம், இரும்புச் சத்தையும் கூடவே வழித்துக்கொண்டு போயிருந்தது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறக்காமல் இருக்கட்டும் என்று நான் அதையும் தைராக்சினோடு சேர்த்துக் காலையிலேயே ஒரே மடக்கில் விழுங்கினேன். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் 12.8. பெருமையாக அடுத்த முகாமுக்குப் போனேன். மருத்துவ அலுவலர் கையில் ரிப்போர்ட் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டியவர் இரண்டாவது பக்கத்தில் நின்றுவிட்டார். டி.எஸ்.எச். 11.4. மருந்து சரியாக அமைந்த பிறகு அதுவரை 3-ஐத் தாண்டியதே இல்லை.

எங்கள் டாக்டர் அளவைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இரும்பு மாத்திரையை எப்போ போடுறீங்க?"

"ரெண்டையும் சேர்த்துத்தான் டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரும்பும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் தைராக்சினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். நான் இரும்பை இரவுக்கு மாற்றினேன். தைராக்சின் அளவு ஒரு மைக்ரோகிராம்கூடக் கூடவில்லை, இரண்டு மாதத்தில் டி.எஸ்.எச். பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நெஞ்செரிச்சல் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யலாம். டாக்டரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் கொட்டிக் காட்டுங்கள்.

இரும்புக்கு முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு வகைகள் நல்லவைதான். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் இன்னும் சீக்கிரம் உடம்பில் ஒட்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்பு நன்றாக இறங்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இறங்காது. பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்பது நம் கண்ணுக்குத் தோன்றும் கணக்கு. ஆனால் 10.6-ஐ வெறும் கீரையால் தூக்க முடியாது, மாத்திரை வேண்டும். எதனால் குறைந்தது என்றும் பார்க்க வேண்டும்.

பரிசோதனையை எப்போது எடுப்பது

மாத்திரை ஆரம்பித்த பிறகும், அளவை மாற்றிய பிறகும் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் பார்த்தால் பணம்தான் வீண். அளவு நிலைத்த பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில், பலருக்கு ஆறு மாதம் அல்லது வருடம் ஒரு தடவை, போதும். ஒரே லேப், ஏறக்குறைய ஒரே நேரம், பரிசோதனைக்கு ரத்தம் எடுத்த பிறகு அன்றைய மாத்திரை என்று வைத்துக்கொண்டால் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியும். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதை லேபிலும் டாக்டரிடமும் சொல்லுங்கள். சில பரிசோதனை முறைகளில் அது எண்ணையே தப்பாகக் காட்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் வாங்குகிறவர்களில் பலருக்குத் தைராய்டுதான் காரணம் என்பது இதில் இருக்கும் வேடிக்கை.

ரிப்போர்ட் வந்ததும் செய்ய வேண்டிய முக்கியமான வேலை: செல்போனில் ஒரு படம் எடுங்கள். பக்கத்திலேயே மாத்திரை டப்பாவின் லேபிளையும், அளவு தெரிகிற மாதிரி. "எண் தெரியாது" என்பவர்களுக்கு முகாமில் யாராலும் உதவ முடியாது.

விதி என்ன சொல்கிறது

தேசிய ரத்த மாற்றுக் குழுமம் 2017-ல் வெளியிட்ட கொடையாளர் தேர்வு வழிகாட்டுதல்படி, சாதாரண தைராய்டுக் கோளாறு உள்ளவர்கள் ஹார்மோன் அளவு இயல்பு நிலையில் இருந்தால் ரத்தம் கொடுக்கலாம். ஹாஷிமோட்டோ மாதிரி எதிர்ப்பு சக்தியால் வரும் ஹைப்போவும் இதில் சேரும். இன்னும் பரிசோதனை நடந்துகொண்டிருக்கிறது, அளவு என்னவென்றே தெரியாது என்றால் இப்போதைக்குக் கூடாது. எதிர்ப்பு சக்தி சுரப்பியைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோயால் வந்த ஹைப்பரும், தைராய்டு புற்றுநோய் வந்தவர்களும் நிரந்தரமாகவே கூடாது.

கட்டுக்குள் இல்லாத ஹைப்போவும் மறுப்புப் பட்டியலில் இருப்பதால், சில ரத்த வங்கிகளில் "தைராய்டு மாத்திரை" என்ற சொல்லைக் கேட்டதுமே வேண்டாம் என்பார்கள். அங்கேதான் அந்தப் படம் உதவும். எண்ணைக் காட்டிக் கேளுங்கள். அப்படியும் வேண்டாம் என்றால் வாதாட வேண்டாம், அன்றைய மருத்துவ அலுவலரின் முடிவுதான் முடிவு.

மாத்திரையில் இருக்கும் ஹார்மோன் ரத்தம் ஏற்றிக்கொள்கிறவருக்குப் போய் ஏதாவது செய்துவிடுமோ என்று நல்ல மனதோடு பயப்படுகிறவர்கள் உண்டு. பயம் வேண்டாம், எல்லார் ரத்தத்திலும் இருக்கும் ஹார்மோன்தான் அது. இந்த விதி முக்கியமாகக் கொடுக்கிறவருக்காகத்தான். ஹைப்பர் கட்டுக்குள் இல்லாதவருக்கு இதயம் ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கும், அப்போது 350 மில்லியை எடுத்தால் படபடப்பும் மயக்கமும் எளிதில் வரும். ஹைப்போ கட்டுக்குள் இல்லாவிட்டால் நாடி மந்தமாக இருக்கலாம். நாடி நிமிடத்துக்கு 60-லிருந்து 100-க்குள் சீராக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது.

மற்ற நாள்பட்ட நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுகருக்கு மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர், கடைசி நான்கு வாரத்தில் அளவு மாறாமல் இருந்தால் கொடுக்கலாம். இன்சுலின் போடுகிறவர் கூடாது. பி.பி. மாத்திரை சாப்பிட்டாலும் அன்றைக்கு மேல் எண் 100 முதல் 140, கீழ் எண் 60 முதல் 90-க்குள் இருந்து, 28 நாளாக மருந்து மாறாமல் இருந்தால் சரி. இதய நோய், வலிப்பு, புற்றுநோய், ஸ்டீராய்டு எடுக்கும் ஆஸ்துமா எல்லாம் கூடாது. டெங்கு வந்து போயிருந்தால் ஆறு மாதம் பொறுங்கள். பச்சை குத்தியிருந்தால் ஒரு வருடம். பிரசவமாகி ஒரு வருடம் வரைக்கும், தாய்ப்பால் கொடுக்கும் காலம் முழுவதும், மாதவிலக்கு நாள்களிலும் வேண்டாம்.

ஒரு இக்கட்டும் உண்டு. சொந்தக்காரருக்கு ஆபரேஷன், "ரெண்டு யூனிட்டுக்கு ஆள் கொண்டு வாங்க" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூடத்தில் நிற்பது நீங்களும் அத்தையும்தான். இந்த அவசரத்தில்தான் ஆள்கள் மாத்திரையை மறைப்பார்கள். மறைக்காதீர்கள். மேசைக்கு வந்து மறைத்துவிட்டு உள்ளே மயங்கி விழுந்தால், இரண்டு யூனிட்டும் கிடைக்காது, நோயாளிகள் மட்டும் இரண்டாவார்கள். உங்களால் முடியாது என்று முதலிலேயே தெரிந்தால், போனை எடுத்துக் கொடுக்கக்கூடிய நான்கு பேரை வரவழைக்கும் வேலையை நீங்கள் செய்யலாம்.

முகாம் அன்று

வயது 18 முதல் 65, முதல் தடவை என்றால் 60-க்குள். எடை 45 கிலோ இருந்தால் 350 மில்லி எடுப்பார்கள், 55 கிலோவுக்கு மேல் என்றால் 450 எடுக்கலாம்.

காலைத் தைராக்சினை வழக்கம்போலப் போடுங்கள். "ரத்தம் குடுக்கிறோமே" என்று நிறுத்த வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்து நன்றாகச் சாப்பிடுங்கள். தைராய்டுக்காரர்கள் அடிக்கடி செய்யும் தப்பு: வெறும் வயிற்றில் லேபுக்குப் போய்விட்டு, அப்படியே வழியில் இருக்கும் முகாமுக்கும் போவது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கவே கூடாது. கடைசியாகச் சாப்பிட்டு நான்கு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். முந்தின இரவு சரியாகத் தூங்காதவர்கள், இரவு ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள் வேறொரு நாள் வாருங்கள். கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சட்டையோ ரவிக்கையோ கை முழங்கைக்கு மேல் சுருட்ட வருகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பட்டுப் புடவையில் வந்து தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊசி குத்தும் நொடி சுருக்கென்று இருக்கும், பத்து நிமிடத்துக்குள் பை நிறைந்துவிடும். எழுந்ததும் ஓடாதீர்கள். கொடுக்கும் ஜூஸையும் பிஸ்கட்டையும் சாப்பிட்டுக் கால் மணி நேரம் உட்காருங்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் அங்கேயே படுத்துக் காலை உயரத்தில் வையுங்கள். அன்றைக்கு அந்தக் கையில் தண்ணீர்க் குடமோ கேஸ் சிலிண்டரோ தூக்க வேண்டாம்.

450 மில்லியோடு சுமார் 200 மில்லிகிராம் இரும்பும் வெளியே போகிறது. அதனால்தான் ஆண்கள் 90 நாளும் பெண்கள் 120 நாளும் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஹீமோகுளோபின் தடுமாறுகிறவர்கள் 120 நாள் ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் போகாமல், உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நான் வருடத்துக்கு ஒரு தடவைதான் கொடுக்கிறேன், எங்கள் டாக்டர் சொன்னது அதுதான்.

வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு நாளில் காய்ச்சல் வந்தாலோ, "அதைச் சொல்லாம விட்டுட்டோமே" என்று ஏதாவது நினைவுக்கு வந்தாலோ, கொடையாளர் அட்டையில் இருக்கும் எண்ணுக்கு உடனே போன் செய்து சொல்லிவிடுங்கள். திட்டமாட்டார்கள். அந்தப் பையை யாருக்கும் ஏற்றுவதற்குள் எடுத்து வைத்துவிடுவார்கள்.